நான்கு சுவிச், இரண்டு மின்வழி: ஸ்டாக்பவர் வளையத்தைத் திட்டமிடுதல் – ஒரு நிகழ்வு ஆய்வு

அடுக்காகப் பூட்டிய நெற்வேர்க் சுவிச்சுகள் தங்கள் மின்வழங்கிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் வசதியை சிஸ்கோ 'ஸ்டாக்பவர்' என்று விற்கிறது. கற்றலிஸ்ட் 3750-எக்ஸ் இல் வந்தது, 3850 இல் தொடர்ந்தது, இன்று 9300 வரிசையில் இருக்கிறது. நான்கு சுவிச்சில் உள்ள மின்வழங்கிகள் எல்லாம் ஒரே பொதுக் கையிருப்பாகும். ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும். இதுவரை விளம்பரம் சொல்வது சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு றாக்கில் மின்வழங்கி தனியாகச் சாவது அபூர்வம். இங்கே நடப்பது வேறு: சபை மின் (மின்சார சபை தரும் மின்) போகும், அல்லது யூபிஎஸ் கைவிடும். இரண்டிலும் ஒரு மின்வழங்கி போவதில்லை, அந்த வழியில் செருகிய அத்தனையும் ஒரே கணத்தில் போகும். ஸ்டாக்பவரின் உள்கணக்குக்கு இந்த வகை இழப்புத் தெரியாது. ஆகவே அந்தக் கணக்கை நாங்கள்தான் போடவேண்டும்.

கீழே வரும் தளம் எந்த ஒரு நிறுவனத்தினதும் அல்ல. யாழ் நகரத்தில் வழமையாகக் காணும் மூன்று மாடி அலுவலகத்தின் அமைப்பை வைத்து வரைந்த மாதிரி.

தளமும் சுமையும்

தரைத்தளத்தில் ஒரு றாக். அதில் நான்கு சி9300-48பி, மொத்தம் 192 போட். சபை மின் 230 வோல்ற்று. 6 கேவிஏ ஒன்லைன் யூபிஎஸ் ஒன்று. பின்வளவில் கையால் மாற்றும் சுவிச்சோடு ஒரு டீசல் ஜெனரேற்றர். அதை ஓடிப்போய் இயக்க ஆள் இருந்தால் சில நிமிடம், இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

பிஓஈ என்பது நெற்வேர்க் கேபிளிலேயே கருவிக்கு மின் கொடுப்பது. அந்தச் சுமையைக் கருவி அறிவிக்கும் மின் வகுப்புப்படி எண்ணவேண்டும். சுவிச் ஒதுக்குவது வகுப்பின் உச்சத்தை. தொலைபேசி உண்மையில் 4 வாற்று குடித்தாலும், 2 ஆம் வகுப்பு என்று அறிவித்தால் 7 வாற்று அதன் பேரில் எழுதப்படும்.

தொலைபேசி 80, தலா 7 வாற்று: 560. வைபை அக்சஸ் பொயின்ற் 20, 4 ஆம் வகுப்பு, தலா 30: 600. கமரா 32, 3 ஆம் வகுப்பு, தலா 15.4: 492.8. கதவுக் கட்டுப்பாட்டுப் பெட்டி 4, தலா 15.4: 61.6. கூட்டினால் 1714.4 வாற்று, 136 போட்.

சுவிச்சின் சொந்தத் தேவைக்கு ஒரு எளிய வழி உண்டு. தரவுத்தாளின்படி சி9300-48பி இல் ஒரு 715 வாற்று மின்வழங்கி மட்டும் இருந்தால் பிஓஈக்குக் கிடைப்பது 437. மிச்சம் 278 ஐச் சுவிச் வைத்துக்கொள்கிறது என்று எடுத்தால் நான்குக்கும் 1112. ஆக மொத்த ஒதுக்கீடு 2826.4 வாற்று. இந்த எண் இனி அடிக்கடி வரும்.

மின்வழங்கி எத்தனை?

முதல் யோசனை எப்போதும் சுவிச்சுக்கு ஒன்றாக நான்கு 715. மொத்தம் 2860. ஒதுக்கீடு 2826.4. காகிதத்தில் போதும். ஒன்று போனால் 2145 தான் மிஞ்சும், 681.4 வாற்றுக்குரிய கருவிகள் அணையவேண்டும். நான்கும் யூபிஎஸ்ஸில் என்றால், யூபிஎஸ் நின்ற அன்று றாக்கே இல்லை.

இரண்டாவது யோசனை ஐந்து 715, ரிடண்டன்ற் மோட். இந்த மோட் ஆகப் பெரிய மின்வழங்கி ஒன்றின் அளவைக் கழித்து ஒதுக்கி வைக்கும்: 3575 இல் 715 போக 2860. ஸ்டாக்பவர் விற்பனைப் பேச்சில் கேட்கும் 'நான்குக்கு ஐந்து போதும்' என்ற கணக்கு இதுதான். ஒரே கட்டடத்தில் இரண்டு தரமான மின்வழி உள்ள தரவுமையத்துக்குப் பொருந்தலாம். இங்கே ஐந்தையும் யூபிஎஸ்ஸுக்கு மூன்று, சபை மின்னுக்கு இரண்டு என்று பிரித்தால், யூபிஎஸ் வழி போகும்போது மிஞ்சுவது 1430. சுவிச்சுகளுக்கு 1112 போக பிஓஈக்கு 318. எண்பது தொலைபேசியில் நாற்பத்தைந்துதான் ஒதுக்கீட்டுப்படி நிற்கும், வேறெதுவும் நிற்காது. மோட் 'ரிடண்டன்ற்' என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கும்.

எனவே ஒவ்வொரு வழியையும் தனியாக எடுத்து, 'மற்றது இல்லாவிட்டால் இது தனியே தாங்குமா' என்றுதான் பார்க்கவேண்டும். யூபிஎஸ் வழியை 'அ' என்றும், சபை மின்னும் ஜெனரேற்றரும் நேரே வரும் வழியை 'ஆ' என்றும் வைப்போம்.

அ: மூன்று 1100 வாற்று, மொத்தம் 3300. சபை மின் போனால் எல்லாச் சுமையும் இதன்மேல். 2826.4 க்கு 473.6 மிச்சம்.
ஆ: நான்கு 715, மொத்தம் 2860. யூபிஎஸ் போனால் மிச்சம் 33.6 தான், இறுக்கம். ஆனால் நொன்-ஸ்ட்ரிக்ற் நிலையில் ஒதுக்கீடு அல்ல, உண்மை நுகர்வே எல்லை என்பதால் இது நடைமுறையில் போதும். கைக்காசு இருந்தால் ஆ வழியில் ஒன்றை 1100 ஆக்குவது நல்ல செலவு.

வெவ்வேறு வாற்று அளவுகளை ஒரே மின் அடுக்கில் கலக்கலாம், தடையில்லை. 1100 மூன்றும் 1, 2, 4 ஆம் சுவிச்சுகளில். 3 ஆம் சுவிச்சின் இரண்டாவது துவாரத்துக்குக் கட்டாயம் மூடித் தகடு போடவேண்டும். திறந்து விட்டால் காற்று அந்த வழியே ஓடிவிடும், உள்ளே சூடு நிற்கும்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. ஏழு மின்வழங்கியும் இயங்கும்போது அடுக்கு தன்னிடம் 6160 வாற்று இருப்பதாக நினைக்கிறது. புதிதாக நாற்பது கமரா செருகினாலும் முகம் சுளிக்காமல் மின் கொடுக்கும். சபை மின் போகும் முதல் நாளில்தான் அ வழியின் 3300 எல்லை தெரியவரும். மொத்த அடுக்குக்கும் 'இதற்குமேல் கொடுக்காதே' என்று ஓர் எல்லை வைக்க கட்டளை இல்லை. ஆகவே போட் வாரியாகக் கட்டவேண்டும். பயன்படாத 56 போட்டிலும் 'பவர் இன்லைன் நெவர்' (மின் கொடுக்காதே). தொலைபேசிப் போட்டுகளில் 'பவர் இன்லைன் ஓட்டோ மக்ஸ் 7000', கமராப் போட்டுகளில் 'மக்ஸ் 15400'. எண்கள் மில்லிவாற்றில். வகுப்புப்படி அதைவிடக் கூடக் கேட்கும் கருவிக்கு மின் கிடைக்காது. அப்போது செருகியவர் வந்து கேட்பார், கணக்குப் பார்க்கலாம். அதுதான் நோக்கம்.

வளையம்

மின்னைப் பங்கிடும் மின் அடுக்கும், சுவிச்சுகளை ஒன்றாக இயக்கும் தரவு அடுக்கும் வேறு வேறு. 9300 இல் தரவு அடுக்கில் எட்டுச் சுவிச் வரை சேரலாம், மின் வளையத்தில் நான்குக்கு மேல் முடியாது. எட்டு இருந்தால் இரண்டு வளையம் போடவேண்டும், ஒரு வளையத்தில் உள்ளவை எல்லாம் ஒரே தரவு அடுக்கைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும். 9300எல், 9200 வரிசைகளில் ஸ்டாக்பவர் துவாரமே இல்லை. பெயரில் 9300 இருக்கிறதே என்று 9300எல் ஐ விலைமனுவில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கொள்வனவுக் கட்டளை போகமுன் மாதிரி எண்ணின் கடைசி எழுத்துவரை வாசிக்கவேண்டும்.

நான்குக்கு நான்கு மின் கேபிள்: 30 சென்ரிமீற்றர் மூன்று (1–2, 2–3, 3–4), திரும்பி வர 150 சென்ரிமீற்றர் ஒன்று (4–1). இடையே ஒரு யூ (ஒரு சுவிச்சின் உயரம்) இடைவெளி விட்டு றாக்கில் ஏற்றினால் 30 சென்ரிமீற்றர் இழுபடலாம், இணைப்பியில் பாரம் விழலாம். ஆகவே நான்கையும் ஒட்டி ஏற்றவும். தரவுப் பக்கத்துக்கு ஸ்டாக்வைஸ் கேபிள் 50 சென்ரிமீற்றர் மூன்று, 1 மீற்றர் ஒன்று. மின் கேபிளின் இரு முனையிலும் திருகு உண்டு, அதை விரலால் முட்ட இறுக்கவேண்டும். பின்பக்கம் ஏசி வயர்களை ஒழுங்காக்கும்போது முழங்கை பட்டு அரைகுறையாகக் கழன்ற கேபிள், 'ஷோ ஸ்டாக்-பவர்' பார்க்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை. வளையம் ஓரிடத்தில் அறுந்தால் சங்கிலியாக நின்று வேலை செய்யும், எச்சரிக்கை மட்டும் வரும். இரண்டாம் இடத்திலும் அறுந்தால் அடுக்கு இரண்டாகும். 3 ஆம் சுவிச்சுக்கு அ வழி இல்லாததால் அதன் இரு பக்கக் கேபிளும் கழன்ற நேரத்தில் சபை மின் போனால் அது தனியே அணையும்.

யார் முதலில் அணைவது

கணக்கு மிகத் தவறிப்போகும் இடம் இது. ஒவ்வொரு சுவிச்சுக்கும் மூன்று முன்னுரிமை எண் உண்டு: சுவிச் தானே, அதன் உயர் போட்டுகள், அதன் தாழ் போட்டுகள். எண்கள் 1 முதல் 27 வரை. பெரிய எண் முதலில் அணையும். இயல்புநிலையில் சுவிச்சுக்கு 1–9, உயர் போட்டுக்கு 10–18, தாழ் போட்டுக்கு 19–27. எல்லாப் போட்டும் பிறப்பிலேயே தாழ்.

முக்கியம் என்று பட்டதை எல்லாம் உயர்வாக்கத் தோன்றும். செய்து பார்ப்போம். ஒவ்வொரு சுவிச்சிலும் 20 தொலைபேசி, 5 அக்சஸ் பொயின்ற், 8 கமரா, ஒரு கதவுப் பெட்டி என்று சமமாகப் பிரித்திருக்கிறோம். தொலைபேசி, கதவு, கமரா எல்லாம் உயர்வு, வைபை மட்டும் தாழ்வு என்றால் ஒரு சுவிச்சின் தாழ்க் கூட்டம் 150 வாற்று, உயர்க் கூட்டம் 278.6. இப்போது யூபிஎஸ் போய், ஆ வழியிலும் ஒரு மின்வழங்கி பழுது என்று வையுங்கள். மிஞ்சுவது 2145. 681.4 இறக்கவேண்டும். நான்கு தாழ்க் கூட்டமும் போய் 600 தான் ஆகிறது. மீதி 81.4 க்காக ஒரு சுவிச்சின் உயர்க் கூட்டம் முழுவதும் போகும், இருபது தொலைபேசியும் ஒரு கதவும் உட்பட. கூட்டத்துக்குள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அணைக்கும் வசதி இல்லை, கூட்டமே போகும்.

திருத்தம்: கமராக்களையும் இரண்டாகப் பிரிக்கவும். வாசல், காசாளர் பகுதி, வாகனத் தரிப்பிடம் போன்றவை உயர்வு, நடைபாதைக் கமரா தாழ்வு. சுவிச்சுக்கு நான்கு, நான்கு. இப்போது தாழ்க் கூட்டம் 211.6, நான்குக்கும் 846.4. உயர்க் கூட்டம் 217. மேலே சொன்ன 681.4 ஐத் தாழ்க் கூட்டங்களே ஏற்கும், தொலைபேசி ஒன்றும் அணையாது. இன்னொரு நிலை: சபை மின் இல்லை, அ வழியில் ஒரு 1100 பழுது. மிஞ்சுவது 2200, இறக்கவேண்டியது 626.4. மூன்று தாழ்க் கூட்டம் 634.8. எட்டு வாற்று மயிரிழையில் போதும், போதாவிட்டாலும் நான்காவது கூட்டம் கைவசம் இருக்கிறது.

முன்னுரிமை எண்களை நான்குக்கும் வேறு வேறாகக் கையால் கொடுக்கவும்: தாழ்வுக்கு 24, 25, 26, 27, உயர்வுக்கு 10, 11, 12, 13, சுவிச்சுக்கு 1 முதல் 4. அடுக்கை நடத்தும் அக்டிவ், அதற்குப் பதிலாக நிற்கும் ஸ்ராண்ட்பை சுவிச்சுகளுக்குச் சிறிய எண். அக்சஸ் பொயின்ற்களை மாடி வாரியாக ஒரு சுவிச்சில் குவிக்கக்கூடாது. ஒவ்வொரு மாடியின் வைபையையும் நான்கு சுவிச்சுக்கும் சிதறவிட்டால் ஒரு கூட்டம் போகும்போது மாடி முழுவதும் இருட்டாகாது, அங்கங்கே சிக்னல் தளரும். தளர்ந்த சிக்னலுக்கு வரும் முறைப்பாடு, இல்லாத சிக்னலுக்கு வருவதை விடச் சிறியது.

மோட் எது?

பவர் ஷெயரிங் (எதையும் ஒதுக்கி வைக்காமல் எல்லாம் ஒரே கையிருப்பு), நொன்-ஸ்ட்ரிக்ற். இதுவே இயல்புநிலையும். ஸ்ட்ரிக்ற் போட்டால் மின்வழங்கி குறைந்தவுடன் உண்மை நுகர்வு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒதுக்கீட்டுக் கணக்குத் தாண்டினால் கருவிகளை அணைத்துவிடும். நொன்-ஸ்ட்ரிக்ற்றில் உண்மை நுகர்வு கையிருப்பைத் தாண்டினால்தான் இறக்கும். வகுப்பு உச்சத்துக்கும் உண்மை நுகர்வுக்கும் இடையில் நிறைய இடைவெளி இருக்கும் தொலைபேசி நிறைந்த றாக்குக்கு ஸ்ட்ரிக்ற் வீண் கண்டிப்பு. ரிடண்டன்ற் மோட் 1100 ஐக் கழித்து 5060 என்று காட்டும். எங்கள் உண்மை எல்லை 2860 என்பதால் அந்த எண்ணால் பயன் எதுவும் இல்லை, தவறான நிம்மதி மட்டும்.

சுவரில் இருக்கும் பிளக்

றாக்குக்குள் எல்லாம் சரியாகக் கணக்கிட்டு, றாக்குக்கு வெளியே கெடுவதுதான் கூட. ஆ வழியின் நான்கு 715 உம் ஒரே பவர் பட்டியில், அந்தப் பட்டி ஒரு 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கில் என்று வையுங்கள். இரு வழியும் இருக்கும்போது சுமை ஏறத்தாழப் பங்கிடப்படுவதால் அந்தப் பிளக் அரைவாசிதான் சுமக்கும், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. யூபிஎஸ் நின்ற கணம் அதன்மேல் 2860 வாற்று விழலாம். மின்வழங்கித் திறன் 90 வீதம் என்று கொண்டால் சுவரிலிருந்து 3178 வாற்று. 230 வோல்ற்றில் 13.8 அம்பியர். மாலையில் வோல்ற்றளவு 190 க்கு இறங்கினால் 16.7. மின்வழங்கிக்கு 190 ஒரு பொருட்டல்ல, 100 முதல் 240 வரை ஏற்கும். வோல்ற்று குறைந்தால் அம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். பியூஸ் உடனே உருகாது. பிளக்கும் சொக்கற்றும் சூடேறி, நிறம் மாறி, பிறகுதான் விடும். அதாவது முதல் வழி போய்ச் சிறிது நேரத்தில் இரண்டாவதும் போகும். ஆ வழிக்கு டிபியிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) தனியாக 32 அம்பியர் இணைப்பு இழுக்கவும், முடியாவிட்டால் இரண்டு தனிச் சுற்றில் இரண்டு பட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மின்வழங்கி.

இன்னொன்று ட்றிப் சுவிச். ஒவ்வொரு மின்வழங்கியும் பூமிக்குச் சில மில்லிஅம்பியர் கசியவிடும். நான்கும், கூடவே கணினிகளும் ஒரே 30 மில்லிஅம்பியர் ஆர்சிசிபிக்கு (கசிவு கண்டால் விழும் ட்றிப் சுவிச்) கீழே இருந்தால், மழைக்காலத்தில் எங்கோ ஒரு வெளிமின்விளக்கு நனைய எல்லாம் சேர்ந்து விழும். ஆ வழிக்குத் தனி ஆர்சிபிஓ (கசிவுக்கும் மிகைச் சுமைக்கும் விழும் பிரேக்கர்). பூமித்தொடுப்பும் இங்கே லேசான வேலை அல்ல. குடாநாட்டில் பல இடங்களில் மேல்மண் மெல்லியது, கீழே சுண்ணக்கல். கம்பி பாதியில் கல்லில் முட்டி நின்றதைப் 'போதும்' என்று விடாமல் எதிர்ப்பை மீற்றர் வைத்து அளக்கவேண்டும்.

வயர் முனையையும் சொல்லிவிட வேண்டும். இந்த மின்வழங்கிகளின் வாய் சி16, அதற்கு நடுவில் வெட்டு உள்ள சி15 வயர் வேண்டும். கணினிக்குப் போடும் சாதாரண சி13 வயர் உள்ளே போகாது. மாற்று வயர் தேடி இரவில் கடை திறக்காது என்பதால் சி15 இரண்டு கூடுதலாக வாங்கி றாக்குக்குள் கட்டிவிடவும்.

யூபிஎஸ் தரும் பொய்க் கணக்கு

இரு வழியும் இருக்கும்போது யூபிஎஸ் பாதிச் சுமையைக் காட்டும். அதை வைத்து பற்றரி நேரம் கணக்கிடுபவர்கள் அதிகம். உண்மை நுகர்வு 1800 வாற்று என்றால் சுவரிலிருந்து 2000. யூபிஎஸ் திரை சுமார் 1000 காட்டும். சபை மின் போன கணம் 2000 முழுவதும் அதன்மேல். 12 வோல்ற்று 9 அம்பியர்-மணிப் பற்றரி 16 உள்ள யூபிஎஸ்ஸில் பெயரளவில் 1728 வாற்று-மணி. வேகமாக இறக்கும்போதும் வயதானபோதும் பாதியை மட்டும் நம்பினால் 864. 1000 வாற்றுக் கணக்கில் 52 நிமிடம் என்று தோன்றும், உண்மையில் 26. இந்தச் சூட்டில் அதுவும் தேயும்: ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதியாகும். குளிரூட்டி இல்லாத றாக் அறையில் 35 பாகை சாதாரணம். 3 கேவிஏ யூபிஎஸ் போதும் என்று சேமிக்கப் பார்த்தால், அதன் 2700 வாற்றுக்குமேல் உச்ச ஒதுக்கீட்டின் உள்ளீடு 3140 நிற்கிறது.

2022 போல நாளில் பல மணிநேரம் மின்வெட்டு வந்தால் இந்த வளையத்தால் எதுவும் ஆகாது. ஸ்டாக்பவர் மின்னைப் பங்கிடும், உண்டாக்காது. அந்த நிலைக்கு ஜெனரேற்றர்தான். அதன் அதிர்வெண் தளும்பினால் சில யூபிஎஸ் உள்ளீட்டை ஏற்காமல் பற்றரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் யூபிஎஸ் அமைப்பில் உள்ளீட்டு அதிர்வெண் எல்லையைச் சற்றுத் தளர்த்தி வைக்கவும். முற்றாக மின் போய்த் திரும்பினால் கமராக்கள் சுவிச் முழுதாக எழும்பும்வரை காத்திராமல் இருக்க, உயர் போட்டுகளில் 'பவர் இன்லைன் போட் பிஓஈ-எச்ஏ' போடலாம்.

சோதனை

அலுவலகம் மூடிய நாளில், கருவிகள் எல்லாம் இயங்கும்போது செய்யவேண்டும். 'ஷோ ஸ்டாக்-பவர் டீடெயில்' இல் வளையம் என்றும், ஏழு மின்வழங்கி என்றும், 6160 என்றும் வரவேண்டும். 'ஷோ ஸ்டாக்-பவர் நெய்பர்ஸ்' இல் ஒவ்வொரு சுவிச்சுக்கும் இரு பக்கத்திலும் அயல். 'ஷோ ஸ்டாக்-பவர் லோட்-ஷெடிங் ஓர்டர்' இல் தாழ்க் கூட்டங்கள் 27 இலிருந்து கீழே. பிறகு ஆ வழியின் பிரேக்கரை இறக்கி யூபிஎஸ் சுமையை வாசித்து எழுதவும். அதைத் திரும்ப ஏற்றி, இரண்டு நிமிடம் விட்டு, யூபிஎஸ் வெளியீட்டை நிறுத்தி ஆ பட்டியின் பிளக்கைக் கையால் தொட்டுப் பார்க்கவும், கிளாம்ப் மீற்றர் இருந்தால் அம்பியரையும் எடுக்கவும். மூன்றாவதாக அ வழி இல்லாத நிலையிலேயே ஆ மின்வழங்கி ஒன்றின் வயரையும் உருவவும். தொலைபேசி ஒன்று அணைந்தாலும் முன்னுரிமைப் பட்டியலில் பிழை இருக்கிறது, அல்லது யாரோ ஒரு போட்டின் உயர்வைப் போட மறந்திருக்கிறார்கள்: 'பவர் இன்லைன் போட் பிரயோரிற்றி ஹை'.

கடைசிச் சோதனை மின் கேபிள். 2–3 ஐக் கழற்றி, வளையம் என்ற நிலை மாறுவதையும் எச்சரிக்கை லொக்கில் (சுவிச்சின் பதிவேடு) விழுவதையும் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகி திருகை இறுக்கவும். அந்த எச்சரிக்கை மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ யாருக்கும் போகவில்லை என்றால் எச்சரிக்கையை வெளியே அனுப்பும் சிஸ்லொக், எஸ்என்எம்பி அமைப்பை அன்றைக்கே முடித்துவிட்டு எழும்பவும். கையிருப்பில் 715 ஒன்றும் 30 சென்ரிமீற்றர் மின் கேபிள் ஒன்றும் வைத்திருப்பது நல்லது. கொழும்பிலிருந்து வரும்வரை அடுக்கு ஆறில் ஓடும், ஆனால் மேலே பார்த்த இறுக்கமான எண்களோடு ஓடும்.